சம்பங்கி என்று சொன்ன பாத்தி

24-10-1971, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு. நடுவதற்கு முன் பூண்டுப் பற்கள் நாற்பதையும் தோலுரித்துவிட்டேன். தோலோடுதான் நட வேண்டுமாம். நட்டு முடித்த பிறகே தெரிந்தது. தெரியாததை யாரையாவது கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு அனந்தபத்மநாபன் மை காய்கிற வரை பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'சிறு' என்று போட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. தினம் ஒரு தவறையாவது ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்பது பதினேழு வயதில் அவன் தனக்கு விதித்துக்கொண்ட கட்டளை. இப்போது இருபத்தொன்று நடக்கிறது. இந்த நாலு வருஷத்தில் எழுதுவதற்குத் தவறு கிடைக்காமல் திண்டாடிய நாள் ஒன்றுகூடக் கிடையாது.

இன்றைய தவறு திருவள்ளூரில் வேறு யாரும் எளிதில் செய்யக்கூடியதல்ல. அவன் வீட்டில் பூண்டும் வெங்காயமும் நுழைந்ததே இல்லை. அப்பா எம்பார், கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிப்பவர். அம்மா செங்கமலவல்லி, கடைத்தெருவில் பூண்டு மூட்டை இறக்கியிருக்கும் பக்கம் வந்துவிட்டால் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பூண்டுப் பல்லில் எது தலை, எது கால் என்று எங்கிருந்து தெரியும்?

எல்லாம் மாலை வகுப்பில் வந்த வினை. பகலில் அவன் காக்களூர்ப் பக்கம் ஒரு போல்ட் பட்டறையில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு எழுதினான். வாரத்தில் மூன்று மாலை, பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் நடந்த பயிர்த்தொழில் வகுப்புக்குப் போனான். தேறினால் விதைப் பண்ணை வேலைக்குச் சிபாரிசு உண்டு. தேற வேண்டுமானால் ஆளுக்கு ஒரு பயிரை வீட்டுக் கொல்லையில் வளர்த்து, மூன்று மாதம் கவனிப்பு நோட்டு எழுதிக் காட்ட வேண்டும். எந்தப் பயிர் என்று வாத்தியார் ஜெயராஜ் சீட்டுக் குலுக்கிப் போட்டார். அனந்துவின் சீட்டில் பூண்டு என்று இருந்தது.

பக்கத்து இருக்கை ஜோசப், அரிசி மில்லில் வேலை செய்பவன், எட்டிப் பார்த்துவிட்டான்.

"இன்னா ஐயரே, ஒனக்கா பூண்டு? குடு இப்டி. என் கொத்தவரைய எட்துக்கோ. பெருமாள் கோச்சிக்கினா அப்புறம் வகுப்புக்கே மழ வராது."

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஜெயராஜும் சிரித்துக்கொண்டே, "மாத்திக்கணும்னா மாத்திக்கப்பா, தப்பில்ல" என்றார்.

மாற்றிக்கொண்டிருக்கலாம். அதற்குள் அனந்துவின் வாயிலிருந்து, "பயிர்ல என்ன சார் பேதம்?" என்று வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியது. அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது. குளக்கரை வரும்வரை பிடித்திருந்தது. குளத்தைத் தாண்டி மாட வீதியில் திரும்பியபோதுதான் அம்மா மூக்கை மூடிக்கொள்வது நினைவுக்கு வந்தது.

சமவெளியில் பூண்டு கிழங்கு கட்டுவது கஷ்டம், ஐப்பசியில் மேட்டுப்பாத்தி போட்டு நட்டால் பனிக்காலத்துக்குள் என்ன ஆகிறது என்று பார்த்து எழுதலாம் என்று ஜெயராஜ் சொல்லியிருந்தார். தெரிந்தவர் யாரும் வராத கடையாகத் தேடி, ரயிலடிப் பக்கம் ஹயாத் பாஷா கடையில் வாங்கினான். நெற்றியில் இருந்த திருமண்ணைப் பார்த்துவிட்டு ஹயாத் பாஷா, "மருந்துக்கா தம்பி?" என்றார். ஆமாம் என்றான்.

கொல்லையில் கிணற்றைத் தாண்டி, வாழைப் புதருக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு மூலை இருந்தது. எட்டுப் பல்லாக ஐந்து வரிசை, நூல் பிடித்து, நாலு விரற்கடை இடம் விட்டு நட்டான். கொட்டையின் ஓட்டை உடைத்து விதை எடுப்பதுபோலப் பூண்டுக்கும் தோலை எடுத்துவிட வேண்டும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டதுதான் பிசகு. உரித்த கையைச் சாம்பலும் புளியும் போட்டு நாலு தரம் தேய்த்தும் வாடை போகவில்லை.

பாத்திரம் தேய்க்க மூன்று மணிக்குக் கொல்லைக் கதவு வழியாக வந்த சின்னப்பொண்ணு, நேரே வந்து பாத்தி முன்னால் நின்றுவிட்டாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்பவள். திருவாலங்காட்டுப் பக்கத்துக்காரி. நாற்பதைத் தாண்டிய வயது. குனிந்து உரித்த தோல் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னா சாமி இது, பூண்டா? உங்கூட்லயா?"

"மெதுவா பேசு. படிப்புக்கு."

"படிப்புக்கு சரி. உரிச்சிக்கினா நடுவாங்க? பச்சப் புள்ளைய துணியில்லாம மழைல உட்ட மாதிரி. அழுவித்தான் போவும்." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தோலோட, கூரு மேல இருக்கணும். இத்த வெளிய சொன்னா மூஞ்சிய காட்ட முடியாது சாமி."

"அம்மாகிட்ட சொல்லாதே."

"நான் எதுக்கு சொல்றேன்? என் வேல பாத்திரம்."

மறுநாள் மாலை வகுப்பில்லை. வேறு பூண்டு வாங்கி வந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி நட்டான். பத்தாம் நாள் பச்சை முளைகள் தெரிந்தன. ஐப்பசி மழையில் ஆறு அழுகின. முப்பத்துநாலு நின்றன. கவனிப்பு நோட்டில் உயரம், இலை எண்ணிக்கை, மழை பெய்த நாள் எல்லாம் கட்டம் போட்டு எழுதினான்.

வாழை இலை அறுக்க வந்த அம்மா கார்த்திகையில் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா இது, புல்லு மாதிரி வரிசையா நிக்கறது?"

அனந்து கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். பட்டையான நீள இலை. கிழங்குச் செடி. அவன் யோசிக்கவே இல்லை.

"சம்பங்கி."

"சம்பங்கியா? பெருமாளுக்காச்சே. கிழங்கு ஏது உனக்கு?"

கடை என்று சொன்னால் எந்தக் கடை என்பாள். வகுப்பு என்றால் அப்பா வாத்தியாரைப் பார்க்கும்போது கேட்பார். "சின்னப்பொண்ணு கொண்டுவந்து குடுத்தா. அவ ஊர்லேந்து" என்றான்.

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை அவனால் பார்க்க முடியவில்லை. மறுநாளிலிருந்து குளித்துவிட்டு வந்ததும் முதல் குடம் தண்ணீரை அந்தப் பாத்திக்கு ஊற்ற ஆரம்பித்தாள். சின்னப்பொண்ணுவுக்கு ஒரு இலையில் புளியோதரை வைத்துக் கொடுத்து, "உனக்குப் பெருமாள் குறை வைக்க மாட்டார்" என்றாள். ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்ட சின்னப்பொண்ணு, அம்மா உள்ளே போனதும் அனந்துவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு சாமி எனக்குச் சோறு?"

சொன்னான்.

"ஒன் பொய்ய தூக்கிக்கினு நான் எதுக்கு நடக்கணும்? நாளைக்குப் பூ எங்கன்னு கேட்டா?"

"அதுக்குள்ள பிடுங்கிடுவேன். நடுவுல கேட்டா நானே சொல்லிக்கறேன். உன்மேல வராது."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

அவள் அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புளியோதரையை மடித்துக் கட்டிக்கொண்டாள். "சரி போ. சோறாச்சும் நல்லாக்கீது."

டிசம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தது. விளக்கை மூடி வைக்க வேண்டும் என்பதால் மாலை வகுப்பு இரண்டு வாரம் நடக்கவில்லை. பாத்தியைப் பிடுங்கிவிடலாம் என்று இரண்டு முறை மண்வெட்டியை எடுத்தான். நோட்டில் இன்னும் ஐந்து வாரக் கட்டம் காலியாக இருந்தது. வைத்துவிட்டான்.

மார்கழி ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. கோயிலில் பகல்பத்து உத்ஸவம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வைஜயந்தி மாமி காலையில் வாழை இலைக்கு வந்திருந்தாள். அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் சம்பங்கியைக் காட்டினாள். அனந்து பட்டறைக்குக் கிளம்புவதற்காகக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சின்னப்பொண்ணு வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை செழிப்பு பாரு. மொட்டுத்தான் இன்னும் விடலை" என்று சொல்லிக்கொண்டே அம்மா பழுத்த இலை ஒன்றைக் கிள்ளினாள். பழக்கமாக விரலால் கசக்கினாள். கசக்கிய விரலை மூக்குக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கையை வைஜயந்தியிடம் நீட்டினாள்.

"இதை மோந்து பாரு."

"மாமி, இது பூண்டுன்னா" என்றாள் வைஜயந்தி. அவள் குரல் தெருவரைக்கும் போகிற குரல். அப்பா துண்டோடு கொல்லைக்கு வந்தார்.

"யார் போட்டது?"

அம்மா விரலை மண்ணில் தேய்த்தாள். பிறகு, "இவன்தான் நட்டான். சின்னப்பொண்ணு சம்பங்கிக் கிழங்குன்னு கொண்டுவந்து குடுத்திருக்கா" என்றாள்.

சின்னப்பொண்ணு எழுந்து நின்றாள். இரண்டு கையிலும் சாம்பல்.

"நான் எதுவும் தரலம்மா."

"நீ தரலைன்னா பின்னே யார் தந்தா?" என்றாள் வைஜயந்தி.

சின்னப்பொண்ணு அனந்துவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா சாமி" என்றாள், மெதுவாக.

நான்தான் வாங்கி நட்டேன். மூன்று வார்த்தை. நாக்கின் நுனியில்கூட வந்துவிட்டது. அப்பாவின் ஈர வேட்டியையும் வைஜயந்தியின் திறந்த வாயையும் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவன் குனிந்து வாளியைப் பார்த்தான். வாளியில் பாதி தண்ணீர் இருந்தது.

"பெருமாளுக்குன்னு தினம் தீர்த்தம் விட்டிருக்கா இவ" என்றார் அப்பா. சின்னப்பொண்ணுவின் பக்கம் திரும்பவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார். "அவளைப் போகச் சொல்லு. இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்."

சின்னப்பொண்ணு உட்கார்ந்து பானையின் மிச்சப் பாதியையும் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றி அலசினாள். கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று மாலையே அனந்து முப்பத்துநாலு செடியையும் பிடுங்கி, பழைய காகிதத்தில் சுற்றி, ரயில் பாதை ஓரக் குப்பையில் போட்டான். சுண்டைக்காய் அளவில்தான் கிழங்கு பருத்திருந்தது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்து தேதி போட்டான். அதற்கு மேல் எழுத முடியவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது.

மாட வீதியில் இன்னும் மூன்று வீடுகளில் சின்னப்பொண்ணு வேலை செய்துகொண்டிருந்தாள். வைஜயந்தி அன்றைக்கே நிறுத்திவிட்டாள். சத்யபாமா மாமி மறுநாள். கிருஷ்ணஸ்வாமி மாமா வீட்டில் இரண்டு நாள் யோசித்துவிட்டு நிறுத்தினார்கள். வேண்டுமென்றே செய்தாளாம், சாமி காரியத்தில் கை வைத்தாளாம், என்று தெருவில் பேசியது சன்னல் வழியாக அவன் காதில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஒவ்வொரு தடவையும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடும்.

வகுப்பு மறுபடி ஆரம்பித்த அன்று ஜோசப், "ஐயர் ஊட்டுப் பூண்டு எப்டிகீது? துன்னு பாத்தியா?" என்று கேட்டான்.

"அழுகிப் போச்சு."

ஜெயராஜ் காதில் விழுந்துவிட்டது. "மழைக்கு அழுகும்பா. அதுவும் கவனிப்புதான். தேதி போட்டு எழுது" என்றார். அவர் எதிரிலேயே நோட்டைத் திறந்து, கட்டத்துக்குள், 'அழுகியது' என்று எழுதினான். கையெழுத்து வழக்கம்போல அழகாகவே வந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரி முதல் தேதி பட்டறை வாசலில் நின்றபோது, எதிரே இரும்பு வார்ப்புப் பட்டறையின் மணல் மேட்டில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து மணலைச் சலித்து இரும்புத் துண்டு பொறுக்குவதைப் பார்த்தான். அதில் ஒருத்தி சின்னப்பொண்ணு. சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. அனந்து சட்டென்று பெட்டி அடுக்குக்குப் பின்னால் போனான். அடுத்த வேலை நாளில் சுற்றுப் பாதையில் வந்தான். அதற்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் அவன் வேப்பமர நிழலில் டப்பாவைத் திறந்தபோது, அவளே சாலையைத் தாண்டி நேராக வந்தாள்.

"ஒளியாத சாமி. மூணு நாளா பாத்துக்கினுதான் கீறேன். பொட்டிக்குப் பின்னாடி போயி குந்திக்கிற. நான் இன்னா கடிச்சிடுவேனா?"

அவன் எழுந்து நின்றான். "கையில என்ன?"

"தகரம் கிழிச்சிச்சு. அத்த உடு. நீ துன்னு."

"அம்மாகிட்ட சொல்லி மறுபடி வேலைக்கு…"

"உங்கூட்டு வேல எனக்கு வோணாம்." கோபமாகச் சொல்லவில்லை, சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "வேல போனா வேற வேல. இதோ, கெடச்சிச்சி. ஆனா அந்தத் தெருவுல என்ன இன்னா பேசினாங்க தெரியுமா? சாமி செடின்னு சொல்லி பூண்ட குடுத்து ஏமாத்திட்டாளாம். பதினோரு வருசம் சாமி. காத்தால உங்கூட்டுக்கு வர்ற முன்ன ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, பூண்டு போட்ட ரசம் ஊத்தித் துன்னதில்ல நானு. என் ஊட்டுக்காரரு சிரிப்பாரு, ஐயரம்மா உன்ன மோந்தா பாக்கப்போவுதுன்னு. மோந்து பாக்கலன்னா இன்னா, எனக்குத் தெரியுமில்ல?"

இது அனந்துவுக்குத் தெரியாது. அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அம்மா மறுபடி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே எடுத்துப் போவாள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நின்றவள் இவள்.

"பயமா இருந்தது" என்றான்.

"எனக்கு இல்லியா?"

அவன் துணி சுற்றிய விரலைப் பார்த்தான்.

"அன்னிக்குச் சொல்லலன்னாலும் மறுநாளு சொல்லுவேன்னு பாத்தேன். என் மவகூட கேட்டா, நீ ஏன்மா அப்பவே போட்டு ஒடைக்கலன்னு. நான் சொன்னா யாரு நம்புவா? அது நீ சொல்ல வேண்டியது. சொல்றேன்னும் சொன்ன."

"இப்ப என்ன செய்யணும், சொல்லு."

"அத்தையும் நானே சொல்லணுமா? சாயங்காலத்துல போயி படிக்கிறியே, இன்னாத்த சொல்லித் தராங்க?" அவள் திரும்பி நடந்தாள். நாலடி போய் நின்றாள். "உங்கூட்டுக்குள்ள மட்டும் சொல்லிட்டு, சொல்லிட்டேன்னு உக்காந்துக்காத. எந்த ஊட்ல எம்பேரு கெட்டுச்சோ அங்க போயி சொல்லு."

டப்பாவை அப்படியே மூடினான். பிற்பகல் முழுவதும் அவன் எழுதிய முகவரிச் சீட்டுகளில் நாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தரைக்கு வீடு வந்தபோது அம்மா சமையலறை வாசலில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியதும் சொன்னான். இன்னொரு நிமிஷம் விட்டால் மறுபடி வார்த்தை தேட ஆரம்பித்துவிடுவோம் என்று பயம்.

"பூண்டு நான் வாங்கி நட்டதும்மா. சின்னப்பொண்ணுக்கு அதுல ஒண்ணுமே கிடையாது."

அம்மாவின் கை நிற்கவில்லை. தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்துப் போட்டாள்.

"தெரியும்."

"எப்பலேந்து?"

"அன்னிலேந்துதான். அவ உன்னைப் பார்த்தா. நீ வாளியைப் பார்த்தே. அதுக்கு மேல என்ன தெரியணும்?"

"தெரிஞ்சும் அனுப்பினியா?"

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? வைஜயந்தி நிக்கறா. பகல்பத்து நடக்கறது. எம்பார் பிள்ளை கொல்லையில பூண்டு போட்டான்னு போனா, உங்கப்பாவைக் கோஷ்டியில நிக்க விடுவாளா? வேலைக்காரி போட்டான்னா நாலு நாள் பேசிட்டு விட்டுடுவா." அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். சாம்பல் தேய்த்துத் தோல் வெடித்திருந்தது. "ரெண்டு வாரமா வேற ஆள் வெக்கலையேன்னு நீயாவது கேட்டியா? யாரையும் வெக்க மனசு வரலைடா."

அம்மாமேல் கோபப்பட வேண்டும் என்று அனந்துவுக்குத் தோன்றியது. தன்னைத் தாண்டி அது அவளிடம் போய்ச் சேரவில்லை.

அப்பா இராப்பத்து சேவைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூடத்தில் கண்ணாடி முன் உட்கார்ந்து திருமண் குழைத்துக்கொண்டிருந்தவர், பேச்சு முழுவதையும் கேட்டிருந்தார். அனந்து வந்து நின்றதும் திரும்பாமலே, "இன்னும் ரெண்டு நாள்தான். உத்ஸவம் முடியட்டும். அப்புறம் சொல்லேன்" என்றார்.

அப்பா அவனிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். அந்தக் குரலைக் கேட்டதும் சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. இரண்டு நாள் என்ன பெரிய இரண்டு நாள்? ஆனால் இப்படித்தான் ஒவ்வொரு முறையும் அவன் மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்திருந்தான்.

"அவளுக்குப் பதினஞ்சு நாள் ஆயிடுத்துப்பா. இரும்பு பொறுக்கறா. நாளைக்கே சொல்லிடறேன்."

அப்பா நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். கோணிக்கொண்டு போயிற்று. ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு அவ முகத்தைப் பார்த்துக்கூட நான் சொல்லலை" என்றார். பிறகு மறுபடி கோடு இழுத்து முடித்தார். "கோஷ்டியில நிக்கலாமா கூடாதான்னு கோயில் பெரியவாளை இன்னிக்கு நானே கேட்டுக்கறேன். தெருவுக்கு நீ சொல்லு. நான் தடுக்கலை. கூட வான்னு மட்டும் என்னைக் கூப்பிடாதே."

உத்தரீயத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போனது வழக்கமான நேரத்துக்குக் கால் மணி முன்னால்.

அன்று வகுப்பு நாள். அனந்து போகவில்லை. கவனிப்பு நோட்டைத் திறந்து, 'அழுகியது' என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, 'நானே பிடுங்கினேன், 20-12-71' என்று எழுதினான். இதனால் மதிப்பெண் போகலாம், சிபாரிசும் போகலாம். ஜெயராஜ் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஜோசப்பும் பக்கத்தில்தான் இருப்பான். நினைத்தபோதே காது சுட்டது.

பிறகு நாட்குறிப்பை எடுத்தான். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று வெகுநேரம் யோசித்தான். கிருஷ்ணஸ்வாமி மாமா சாது, அங்கே ஆரம்பித்தால் நாக்குக் கொஞ்சம் பழகும் என்று தோன்றியது. சாதுவாக இருக்கிற இடத்தில் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் தான் என்பதும் உடனே தோன்றியது. வைஜயந்தி மாமி பெயரை முதலில் எழுதினான்.

4-1-1972, செவ்வாய். டிசம்பர் 20 அன்று எழுதாமல் விட்டது: பூண்டை வாங்கியதும் நட்டதும் நான். சம்பங்கி என்று சொன்னதும் நான். சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தபோது நான் பேசவில்லை. இது சிறு தவறு அல்ல.

நாளை, புதன். பட்டறைக்கு அரை நாள் விடுப்பு. காலை ஏழு மணிக்கு வைஜயந்தி மாமி வீடு. அடுத்து சத்யபாமா மாமி வீடு. அடுத்து கிருஷ்ணஸ்வாமி மாமா வீடு. மூன்று இடத்திலும் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பிறகு காக்களூர் போய், சொல்லிவிட்டதைச் சின்னப்பொண்ணுவிடம் சொல்ல வேண்டும்.